பல்லி பகலாடியா?

சண்டை வந்தது பல்லியால்தான். அணிலைப் பற்றியும் ஆந்தையைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏனாத்தூருக்குப் போகும் சாலையில், எங்கள் தெருவுக்குப் பின்னால், செண்பகம் நகர் என்று ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. அதன் குடியிருப்போர் சங்கம் ஒரு சிறுவர் பூங்கா வைத்திருக்கிறது. ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, சங்கக் கூட்டத்துக்கு ஓர் அறை. பூங்காவில் குழந்தைகளுக்கு அறிவு வளரும்படி ஏதாவது வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அந்த அறையில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த என் அப்பா டேனியல், ஏணி மேலிருந்தே, "எம் பொண்ணு விலங்கியல் படிச்சிட்டு சும்மாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். நான் உள்ளே வந்தது அப்படித்தான்.

இரண்டு பலகைகள் என்று முடிவானது. ஒன்றில் பகலில் நடமாடும் உயிரினங்கள் பன்னிரண்டு, இன்னொன்றில் இரவில் நடமாடுபவை பன்னிரண்டு. பட்டியலும் குறிப்பும் நான் எழுத வேண்டும். படமும் எழுத்தும் பெயின்டர் சிட்டிபாபு. இரண்டு பலகைகளிலும் அடியில் 'தகவல்: ஷாரோன், பி.எஸ்சி. விலங்கியல்' என்று இருக்கும். அதை அவர் முதலிலேயே எழுதிவிட்டார். கடைசியில் இடம் பற்றாமல் போகும், அதனால் கீழிருந்து மேலே போவதுதான் தன் வழக்கம் என்றார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்கு. சிறப்பு விருந்தினர் என் துறைத் தலைவர் பெரியநாயகி மேடம். எனக்குச் சிக்கலே அதுதான். எம்.எஸ்சி. சேர அவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். முதல் வருடத்தில் கரப்பான்பூச்சிக்கு நான் ஐந்து கால் மட்டும் வரைந்ததை மூன்றாம் வருடக் கடைசி நாளில் நினைவுபடுத்தியவர் அவர். பலகையில் ஒரு தவறு இருந்தால் அதையும் பார்ப்பார், அதன் கீழே இருக்கும் பெயரையும் பார்ப்பார்.

வியாழக்கிழமை மாலை பட்டியலைச் சங்கத் தலைவர் ராமலிங்கம் கையில் கொடுத்தேன். மாகறல் பக்கம் விவசாயக் குடும்பம். இப்போது சிமென்ட் கடை வைத்திருக்கிறார். போன வார்டுத் தேர்தலில் கைலாசம் என்பவரிடம் நாற்பத்தோரு ஓட்டில் தோற்றவர். அடுத்த தேர்தலுக்கு இப்போதிருந்தே வேட்டி கட்டுகிறார்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"பகலாடின்னா இன்னாமா?"

"பகல்ல நடமாடுற உயிரினம் சார்," என்றேன் காகிதத்தைப் பார்த்து.

"பகல் கொள்ளை தெரியும். பகல் வேஷம் தெரியும். பகலாடி கேள்விப்பட்டதே இல்லியே. ஆடின்னா டான்ஸ் ஆடுமா?"

"வேட்டையாடறதுன்னு சொல்றோம் சார். நீராடறது, உரையாடறது, நடமாடறது. எல்லாத்துலயும் ஆடறது வருது. ஒரு காரியத்தச் செஞ்சிக்கினு இருக்கறதுன்னு அர்த்தம். பகல்ல தன் காரியத்தப் பாக்கறது பகலாடி. ராத்திரியில பாக்கறது இரவாடி."

அது நான் அந்த அறையில் பேசிய மிக நீளமான பேச்சு. செயலாளர் வெங்கடேசன் சார் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இவர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் முப்பது வருடமாக நிறம் பார்ப்பவர். தறிக்குப் போகிற பட்டு, கேட்ட நிறத்தில்தான் சாயம் ஏறியிருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை.

"பகல்னு ஏன் பேரு வந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

"பகுக்கறதுல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க சார். ராத்திரியில இருந்து பிரிச்செடுத்த பாகம்."

"இங்கிலீஷ்ல?"

"டையர்னல். லத்தீன்ல டியெஸ்னா நாள், அதுல இருந்து வந்தது. ஜர்னலும் அங்க இருந்துதான். அன்னன்னிக்கு நடந்தத எழுதற நோட்டு."

"சரி, இந்தத் தமிழ் வார்த்தைய வெச்சது யாரு? எந்தப் புலவரு?" என்றார் ராமலிங்கம் சார்.

அதை நானும் தேடிப் பார்த்திருந்தேன். நூலகத்தில் நான் புரட்டிய பழைய அகராதியில் பகல் இருந்தது, பகலவன் இருந்தான், பகலாடி இல்லை. இணையத்தில் நிறைய பேர் எழுதுகிறார்கள். முதலில் எழுதியவர் யாரென்று ஒருவரும் சொல்லவில்லை.

"தெரியல சார். புது வார்த்தை. டையர்னலுக்குத் தமிழ்ல வேணும்னு யாரோ வெச்சிருக்காங்க."

"ஊர் பேர் தெரியாத வார்த்தையக் கொண்டாந்து நம்ம நகர்ல குடி வெக்கறதா?"

"நம்ம நகர்ல பாதிப் பேரு அப்டிதான் வந்தாங்க தலைவரே," என்றார் வெங்கடேசன் சார். "யாரு வெச்சா என்ன, சொன்னா புரியுது இல்ல? வெச்சிக்கலாம்."

சொல் தப்பியது. ராமலிங்கம் சார் பட்டியலைத் தொடர்ந்து படித்தார். அணில், மைனா, ஓணான், அரணை, தட்டான், கீரி என்று பகலாடிகள் எல்லாம் சரியென்று போயின. தாளைத் திருப்பினார்.

"ஆந்தை, சரி. வௌவால், சரி. மரநாய், சரி. பல்லி..." காகிதத்தை மேசை மேல் வைத்தார். "பல்லியா? காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு பல்லியக் கொண்டுபோயி ஆந்தையோட சேத்து வெக்கறியேமா!"

"அது இரவாடிதான் சார்."

"எங்கெங்க இருந்தோ ஜனங்க வண்டி கட்டிக்கினு வந்து வரதர் கோயில்ல தங்கப் பல்லியத் தொடறாங்க. எப்போ தொடறாங்க? காலையில. ராத்திரி வேலை பாக்கறத எதுக்குக் காலையில வந்து தொடணும்? அங்க பல்லி பக்கத்துல சூரியன் செதுக்கியிருக்குது, பாத்திருக்கியா?"

"சந்திரனும் இருக்குது தலைவரே," என்றார் சிட்டிபாபு, பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே. "சூரியன் பக்கத்துலயே."

"நீ படம் மட்டும் போடுபா." என் பக்கம் திரும்பினார். "பல்லி எப்போ சொல்லுது? நாம காலையில கெளம்பும்போது சொல்லுது. ராத்திரி சொன்னா எவன் எழுந்து கேக்கறான்? நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு, உனக்கு இதெல்லாம் தெரியாது."

எங்கள் வீட்டிலும் பல்லி சொல்லும். அம்மா ஜெபம் செய்யும்போது அது சொன்னால், அம்மா அதற்கும் சேர்த்து ஆமென் சொல்வார். இதை நான் சொல்லவில்லை.

"பல்லிய பகலாடியில சேத்துடு. இல்லன்னா பலகையே வாணாம். ஊரு சிரிக்கும்," என்று முடித்தார் ராமலிங்கம் சார்.

ஊர் சிரிப்பதை நான் தாங்கிக்கொள்வேன். பெரியநாயகி மேடம் சிரிக்கவே மாட்டார், அதுதான் பயம்.

வெங்கடேசன் சார்தான் பேசினார். "எங்க கடையில ஒரு வழக்கம் இருக்குது. இது அரக்கு இல்ல, குங்குமக் கலருன்னு பார்ட்டி சொல்லுவாங்க. இல்ல அரக்குதான்னு நாங்க சொல்லுவோம். உள்ளயே பேசினா பொழுது போயிடும். பொடவைய எடுத்துக்கினு வாசல் வெளிச்சத்துக்குப் போயிடுவோம். பகல்ல என்ன தெரியுதோ அதான் முடிவு. அப்புறம் யாரும் பேசக் கூடாது. இதையும் அப்டிப் பாத்துடலாம்."

"எப்டி?"

"சனிக்கிழமை காலையில ஒம்பதுல இருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும் இந்த ரூமுல உக்காந்து பல்லியப் பாப்போம். அது வேலை பாத்தா பகலாடி. சும்மா கெடந்தா இரவாடி. ஷாரோனு எழுதட்டும்."

ஒரு பல்லியை ஒரு நாள் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது. மாதிரியின் அளவு ஒன்று. இதை விளக்க எனக்கு நான்கு வாக்கியங்கள் தேவைப்பட்டன. "சரி சார்" என்றேன்.

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். பல்லி சுவர்க் கடிகாரத்தின் பின்னால் இருந்தது. தலையும் ஒரு முன்னங்காலும் மட்டும் ஆறுமணி எண்ணுக்குக் கீழே தெரிந்தன. நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: நேரம், செயல், குறிப்பு.

ராமலிங்கம் சார் கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக்கொண்டார். வெயிலுக்காகக் கொண்டுவந்த குடையை மடியில் வைத்திருந்தார். வெங்கடேசன் சார் எதிரில். சிட்டிபாபு, பல்லிக்கு இடம் விட்டு மீதியை எல்லாம் வரைந்து முடித்த இரண்டு பலகைகளையும் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். இரண்டிலும் பன்னிரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. எது கேட்டாலும் வரையத் தயார் என்றார்.

9.00: அசைவில்லை.

9.30: அசைவில்லை.

10.00: அசைவில்லை. பூங்காவைப் பெருக்கும் பட்டம்மாள் உள்ளே வந்து எங்களைப் பார்த்தார். அரை நிமிடம் அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடியாரம் நின்னுபோச்சா?"

"பல்லியப் பாக்கறோம்," என்றார் சிட்டிபாபு.

"இன்னாத்துக்கு?"

"அது இன்னா பண்ணுதுன்னு பாக்க."

"அது ஒண்ணும் பண்ணல. நீங்க நாலு பேரு இன்னா பண்றீங்க?"

பட்டம்மாள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

10.42க்கு பல்லி சொன்னது. மூன்று முறை. நான் உட்பட ஐந்து பேரும் அனிச்சையாக விரலால் பக்கத்திலிருந்த கட்டையைத் தட்டினோம். ராமலிங்கம் சார் துள்ளி எழுந்தார்.

"சொல்லிச்சா இல்லியா? எழுதிக்கோ. வேலை பாக்குது!"

"குரல் எழுப்பியதுன்னு எழுதியிருக்கேன் சார்."

"அதான்மா அதோட வேலை! காஞ்சிபுரத்துல பல்லிக்கு வேற இன்னா வேலை?"

"தூக்கத்துல கூடப் பேசுவாங்க தலைவரே. எங்க வூட்ல பேசுவாங்க," என்றார் சிட்டிபாபு.

வெங்கடேசன் சார் தீர்ப்புச் சொன்னார். குரல் மட்டும் போதாது, கால் நகர வேண்டும். கால் நகரவில்லை. பதினொன்றுக்கு நகரவில்லை. பதினொன்றரைக்கும் நகரவில்லை. ஒரு கொசு அதன் மூக்குக்கு இரண்டு அங்குலத்தில் உட்கார்ந்து, சலித்துப்போய்ப் பறந்துவிட்டது. அதையும் எழுதினேன்.

பன்னிரண்டு அடித்ததும் ராமலிங்கம் சாரின் முகம் மாறியது. அணில் ஒன்று சன்னல் கம்பியில் ஏறி இறங்கி, கொட்டையைக் கொறித்து, சண்டை போட்டு, ஓடி, திரும்பி வந்துகொண்டிருந்தது. எந்தப் பலகையில் அது இருக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு.

"வயசான பல்லியா இருக்கும்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "கொஞ்சம் எழுப்பி விடறேன்."

"பகலாடிய எதுக்குத் தலைவரே எழுப்பணும்?" என்றார் சிட்டிபாபு.

தலைவர் காதில் அது விழவில்லை. குடை நுனியைக் கடிகாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார்.

நோட்டில் இப்படி இருக்கிறது:

12.18: தலைவர் குடையால் குத்தினார்.

12.18: பல்லி தலைவரின் தலையில் விழுந்தது.

12.18: தலையிலிருந்து இடது தோளுக்கு வந்தது. அங்கே வாலை விட்டுவிட்டு பீரோவுக்கு அடியில் ஓடியது.

12.18 முதல் 12.21 வரை: தோளில் வால் துடித்தது.

"வால் என்னமா ஆடுது பாரு," என்றார் சிட்டிபாபு. "வால மட்டும் பகலாடியில போட்டுடலாமா?"

பட்டம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, தலையிலயே உழுந்துச்சே!"

வெங்கடேசன் சார் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி, அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் பல்லி விழும் பலன் அச்சடித்திருந்தது. விரலை வைத்துப் படித்தார்.

"தலை... கலகம்."

ராமலிங்கம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "தோளுக்கு இன்னா போட்டிருக்குது? தோள்லயும் உழுந்துச்சே!"

"தோள், வெற்றி."

"அதான்! அத எழுதிக்கோ!"

"தோள்ல மிச்சம் இருந்தது வால்தானே தலைவரே," என்றார் வெங்கடேசன் சார், மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு. "வாலுக்குத் தனியா ஒண்ணும் போடல."

இதற்குப் பரிகாரம் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோயில் பல்லியைத் தொட்டால் தோஷம் போய்விடும். வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். ராமலிங்கம் சாருக்கு மூன்று கிலோமீட்டர். ஆனால் மணி பன்னிரண்டரை. நடை சாத்தியிருப்பார்கள். இனி நாலு மணிக்குத்தான் திறப்பு.

மனைவிக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். ஜெயம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தலையிலயா உழுந்துச்சு? அப்டியே வூட்டுக்குள்ள வந்துடாதீங்க. மொதல்ல தலைக்கு ஊத்துங்க. கோயிலுக்குப் போயி தொட்டுட்டு அப்புறமா வாங்க."

"நாலு மணிக்குத்தான் தொறப்பாங்கமா. சாப்பாடு?"

"நாலு மணிக்கு மேல சாப்புடலாம்."

பட்டம்மாள் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் தலைவரை உட்காரவைத்து, குரோட்டன்ஸுக்கு விடுவது போலவே, கட்டை விரலால் அழுத்திப் பீய்ச்சினார். இது பல்லியின் செயல் அல்ல என்பதால் நான் எழுதவில்லை.

ஈர வேட்டியோடு அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டி நுனியைப் பிழிந்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். குரல் மென்மையாக இருந்தது.

"ஷாரோனு. அது இரவாடி தானேமா?"

"ஆமா சார்."

"இரவாடின்னா பகல்ல தூங்கும். அப்டித்தானே? அப்போ அது தூங்கிக்கினு இருந்துச்சு. தூக்கத்துல உழுந்துடுச்சு. தெரியாம உழுந்ததுக்கு ஏது பலன்? நீ படிச்ச பொண்ணு, சொல்லு. அது தூங்கிக்கினுதான இருந்துச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிட்டிபாபு இரவாடிப் பலகையைத் தன் பக்கம் இழுத்து, பிரஷ்ஷைக்கூட நனைத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பல்லி அதன் இடத்துக்குப் போய்விடும், தலைவருக்கு நிம்மதி, எனக்குக் கடிதம்.

ஆனால் தூங்கியதா என்று எனக்குத் தெரியாது.

"தெரியல சார்," என்றேன்.

"தெரியலன்னா? மூணு மணி நேரமா பாத்துக்கினு இருந்தியே! கண்ண மூடிக்கினு இருந்துச்சா இல்லியா?"

"பல்லிக்கு இமையே கெடையாது சார். அதால கண்ண மூட முடியாது. தூங்கினாலும் முழிச்சிக்கினு இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்." நிறுத்தலாம் என்று நினைத்தேன், நிற்கவில்லை. "இரவாடின்னா பகல் பூரா தூங்கும்னு அர்த்தம் இல்ல. அது எரை தேடறது, நடமாடறது பெரும்பாலும் ராத்திரியிலன்னு மட்டும்தான் அர்த்தம். பகல்லயும் சொல்லும். பகல்லயும் ஓடும். குடையால குத்தினா எதுவா இருந்தாலும் ஓடும். அது தூக்கத்துல உழல சார். தானாவும் உழல. நீங்க குத்தினீங்க, அதனால உழுந்துச்சு."

ராமலிங்கம் சார் குடை நுனியைப் பார்த்தார்.

"அப்போ பலன் உண்டா, இல்லியா?" என்றார் ராமலிங்கம் சார்.

"அது எங்க சிலபஸ்ல இல்ல சார்."

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு அவர் தூங்கிப்போனார். இரண்டே காலுக்கு வெங்கடேசன் சார். இரண்டரைக்கு சிட்டிபாபு, பலகை மேல் சாய்ந்தபடியே. பட்டம்மாள் வேப்பமர நிழலில். மூன்று மணிக்குப் பல்லி பீரோவிலிருந்து வெளியே வந்து, சுவரில் ஏறி, கடிகாரத்துக்குப் பின்னால் போனது. இருபத்திரண்டு நொடி. பார்த்தவள் நான் ஒருத்திதான். அது எனக்குச் சாதகமாக இல்லை. இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

மூன்றே முக்காலுக்குத் தலைவர் எழுந்து, வெங்கடேசன் சாரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போனார். ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது நெற்றியில் திருமண் இருந்தது. வேட்டி காய்ந்திருந்தது. வழியில் எங்கோ இட்லி சாப்பிட்டிருந்தார். பழைய குரலும் திரும்பியிருந்தது.

"தொட்டாச்சு. தலையில இருந்து வால் வரைக்கும் தொட்டேன். சூரியனையும் பாத்தேன், சந்திரனையும் பாத்தேன். சிட்டிபாபு சொன்னது சரிதான், ரெண்டும் இருக்குது. அதனால ரெண்டு பலகையிலயும் பல்லியப் போட்டுடலாம். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல."

வெங்கடேசன் சார் தலையாட்டினார். சிட்டிபாபுவும் தலையாட்டினார், ஒரே படத்தை இரண்டு முறை வரைந்தால் போதும். மாலை வெயில் காலியாக இருந்த இரண்டு கட்டங்களிலும் விழுந்திருந்தது.

"அப்டிப் போட முடியாது சார்," என்றேன்.

"ஏன்மா? நீயே சொன்னியே, பகல்லயும் ஓடும்னு."

"நம்ம ராத்திரியில தண்ணி குடிக்க எழுந்துக்கறோம் சார். அதுக்காக நம்மள இரவாடின்னு எழுதறது இல்ல." நோட்டை மூடினேன். "நீங்க எப்டி வேணா எழுதிக்கோங்க. என் பேர மட்டும் அழிச்சிடச் சொல்லுங்க."

"பேரா? அது நல்லா இருக்குதே மா," என்றார் சிட்டிபாபு. "முத்து மாதிரி எழுதியிருக்கேன்."

"அழிச்சிடுங்க அண்ணா."

ராமலிங்கம் சார் தோளைக் குலுக்கினார். "சரி. அழிச்சிடுபா." சிட்டிபாபு மனமில்லாமல் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்தார். நான் நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன். கடிதத்தைப் பற்றி நினைக்காமல் இருக்க, பையின் ஜிப்பை இரண்டு முறை மூடினேன்.

அப்போது ஜெயம்மாள் போன் செய்தார். இந்த முறையும் ஸ்பீக்கர்.

"இன்னாங்க, இங்க கைலாசம் வூட்டாண்ட ஒரே பேச்சா இருக்குது. உங்க தலையில பல்லி தானா வந்து உழுந்துச்சாம். தலையில உழுந்தா கலகமாம், கலகம்னா தோல்வியாம். இந்த வாட்டியும் நாப்பத்தோரு ஓட்டுதான்னு சிரிக்கறாங்களாம்."

"யாரு சொன்னது தானா உழுந்துச்சுன்னு?" ராமலிங்கம் சார் கத்தினார். "தானா உழலமா! நான் குத்தினேன்! குடையால குத்தினேன்! தள்ளி உட்டதுக்கு ஏது பலன்?"

"அத யாரு பாத்தா?"

"இதோ இங்க நாலு பேரு..." சுற்றிப் பார்த்தார். வெங்கடேசன் சார் அவர் சங்கத்துச் செயலாளர். சிட்டிபாபு அவர் தேர்தலுக்குச் சுவர் எழுதியவர். பட்டம்மாளுக்கு வேலை கொடுத்ததே அவர்தான். கைலாசம் வீட்டுப் பக்கத்தில் இவர்கள் சொல் எடுபடாது. அவர் கண் என் பையில் வந்து நின்றது.

"நோட்டுல எழுதியிருக்குதே! நேரத்தோட எழுதியிருக்குது! படிச்ச பொண்ணு எழுதியிருக்குது!"

போனை வைத்ததும் என்னிடம் கையை நீட்டினார். "குடுமா. ஜெராக்ஸ் எடுத்து வாசல்ல ஒட்டிடலாம். கீழ உன் கையெழுத்து, பேரு, படிப்பு எல்லாம் போடு."

நான் நோட்டைக் கொடுக்கவில்லை. பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் வெங்கடேசன் சார் பேசினார்.

"தலைவரே. வாசல்ல ஒட்டற நோட்டுல அந்தப் பொண்ணு பேரு இருக்கும். பக்கத்துல பலகையில அழிச்ச தடம் இருக்கும். கைலாசம் இன்னா கேப்பாரு? இந்தப் பொண்ணு எழுதினத நீங்களே நம்பலியா, நாங்க எதுக்கு நம்பணும்னு கேக்க மாட்டாரா? ஒரே பட்டு, ஒரே வெளிச்சம். முந்தானைய மட்டும் வேற கலருன்னு சொல்ல முடியாது."

ராமலிங்கம் சார் யோசித்தார். அணிலைப் பார்த்தார். காலிக் கட்டத்தைப் பார்த்தார். தான் குத்தித்தான் பல்லி விழுந்தது என்பது என் பெயரால்தான் நிற்கிறது என்றால், பல்லியின் இடமும் அதே பெயரால்தான் நின்றாக வேண்டும். இதை அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"சிட்டிபாபு," என்றார் கடைசியில். "ஆந்தைக்குப் பக்கத்துல போட்டுடு. ஆனா பெருசா போடுபா. ஆந்தைய விடப் பெருசா."

"பேரு?"

"அதத் தொட்டன்னா கைய ஒடிச்சிடுவேன்."

பகலாடிப் பலகையின் பன்னிரண்டாவது கட்டத்துக்கு, என் பட்டியலில் காத்திருந்த பட்டாம்பூச்சியைச் சொன்னேன். சிட்டிபாபு பல்லியை முடிக்கவே ஏழு மணி ஆயிற்று. வாலோடு போடுவதா, வால் இல்லாமலா என்று கேட்டார். வாலோடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கரைக்குச் சரியாகப் பெரியநாயகி மேடம் வந்தார். ரிப்பன் வெட்டினார். பிறகு பலகைகளைப் படித்தார். எல்லாரும் எதிர்பார்த்ததை விட நிறைய நேரம் படித்தார். ஒவ்வொரு பூச்சிக்கும் கால்களை எண்ணினார். பல்லியின் முன் நின்று, "ஆந்தையை விடப் பெருசா இருக்கு" என்றார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது.

அறையில் அவருக்குக் காபி வைத்திருந்தார்கள். போகிற வழியில் கதவில் ஒட்டியிருந்த ஜெராக்ஸைப் பார்த்து நின்றுவிட்டார். மூன்று பக்கங்களையும் படித்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா மேடம்."

"எட்டு மணி நேரம் உக்காந்தியா?"

"ஆமா மேடம்."

"ஒரு நாள், ஒரு பல்லி. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"மூணு மணிக்கு வெளிய வந்ததையும் விடாம எழுதியிருக்க." அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நோட்டை எடுத்துக்கிட்டு டிபார்ட்மென்ட்டுக்கு வா. லெட்டர் விஷயமும் பேசிடலாம்." விரல் மேலே போனது. "பன்னெண்டு பதினெட்டுக்குத் தலைவர் குடையால் குத்தினார்னு இருக்கு. யார் இந்தத் தலைவர்?"

மாலையோடு நின்றிருந்த ராமலிங்கம் சார் ஒரு அடி முன்னால் வந்தார். வாசலில் கைலாசத்தின் ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான்தான் மேடம்."

"எதுக்குக் குத்துனீங்க?"

"ஆராய்ச்சிக்குத்தான் மேடம்."

மேடம் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். "ஆராய்ச்சின்னா முப்பது நாளாவது பாக்கணும். குத்தாம."

"பாத்துடலாம் மேடம். நம்ம சங்கம் பூரா ஒத்துழைக்கும்," என்று சொல்லிவிட்டு, ராமலிங்கம் சார் தன் நாற்காலியைக் கடிகாரத்துக்குக் கீழேயிருந்து வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெங்கடேசன் சாரும் காபியைக் கையில் பிடித்தபடியே தன்னுடையதைக் காலால் நகர்த்தினார்.